திறந்த படகு

1916ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அண்டார்டிகாவை ஒட்டிய எலிபண்ட் தீவில் 28 பேர் கரை ஒதுங்கியிருந்தனர். ஆங்கிலோ-ஐரிஷ் ஆய்வுப் பயணி எர்னஸ்ட் ஷாக்கல்டன் அவர்களின் தலைவர். அவர்கள் வந்த ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே நசுங்கி, முந்தைய ஆண்டு நவம்பரில் மூழ்கிவிட்டது. எஞ்சியவை மூன்று சிறு படகுகள். அந்தத் தீவின் பக்கம் எந்தக் கப்பலும் வருவதில்லை. யாராவது போய் உதவி கேட்டால்தான் உயிர் பிழைக்கலாம்.

பால்க்லாந்து தீவுகள் சற்று அருகில் இருந்தன. ஆனால், அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். ஆழமான அடிப்பகுதி இல்லாத சிறு படகால் காற்றை எதிர்த்துச் செல்ல இயலாது. அது பக்கவாட்டில் தள்ளப்பட்டுவிடும். ஆகவே, காற்றின் போக்கில் ஏறத்தாழ 800 மைல் தொலைவிலிருந்த தென் ஜார்ஜியாவுக்குச் செல்ல ஷாக்கல்டன் முடிவு செய்தார். தூரம் கூடுதல்தான், எனினும் வேறு வழியில்லை.

மூன்று படகுகளில் பெரியது ‘ஜேம்ஸ் கேர்டு’. அதன் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். துடுப்பு வலிக்கவும், காற்று தோதாக இருந்தால் சிறு பாய் விரிக்கவும் ஏற்ற திறந்த படகு அது. பேரலைகள் எழும் தென்கடலில் திறந்த படகு சில மணி நேரத்தில் நீரால் நிரம்பிவிடும். அதைப் பெருங்கடலில் செல்லும் பாய்மரப் படகாக மாற்றும் பொறுப்பு தச்சர் ஹாரி மெக்நிஷிடம் வந்தது.

மரக்கடையோ ஆணிக்கடையோ இல்லாத இடம் அது. பனிக்கட்டியின்மேல் தங்கியிருந்தபோதே அவர் படகின் பக்கச் சுவர்களை உயர்த்தியிருந்தார். பெட்டிகளிலிருந்து பிடுங்கிய ஆணிகளே அதற்கு உதவின. இப்போது பனிச்சறுக்கு வண்டியின் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் குறுக்கே அடித்து, மேல்தளத்துக்கு ஒரு கூடு அமைத்தார். அதன்மேல் கித்தான் துணியைப் போர்த்த வேண்டும். துணியோ உறைந்து பலகைபோல் விறைத்திருந்தது. கடல்நாய்க் கொழுப்பு எரியும் அடுப்பில் அதைச் சிறிது சிறிதாகக் காட்டி இளக்கித் தைத்தனர். பலகை இடுக்குகளுக்குக் கலப்பற்று வைக்கத் தாரும் இல்லை. விளக்குத் திரியைத் திணித்து, குழுவிலிருந்த ஓவியரின் எண்ணெய் வண்ணத்தையும் கடல்நாயின் இரத்தத்தையும் பூசினர்.

பாயில் காற்று அடைக்கும்போது பாய்மரத்தின் அழுத்தம் முழுவதும் படகின் அடியில் இறங்கும். உயர்ந்த அலையின் முகட்டில் ஏறும்போது படகு நடுவில் முறிந்துபோகவும் கூடும். இதை உணர்ந்த மெக்நிஷ், மற்றொரு படகின் பாய்மரத்தை எடுத்து, ஏரா எனப்படும் அடிமரத்தின் நெடுகிலும் உட்புறமாக வைத்துப் பிணைத்தார். அவர் செய்த வேலைகளுள் இதுவே மிகவும் அறிவார்ந்தது எனலாம்.

அடிச்சுமைக்காகப் போர்வைகளைப் பைகளாகத் தைத்து மணலை நிரப்பினர். உருண்டைக் கற்களையும் சேர்த்துக்கொண்டனர். சுமை மிகுந்தால் படகு மந்தமாகும், அலைகள் உள்ளே ஏறும் என்பது மாலுமி வொர்ஸ்லியின் கருத்து. குறைந்தால் கவிழ்ந்துவிடும் என ஷாக்கல்டன் அஞ்சினார். ஏப்ரல் 24ஆம் நாள், சுமை ஏற்றுமுன் படகை நீரில் தள்ளியபோது அது வெகுவாகச் சாய்ந்தது. மெக்நிஷும் வின்சென்டும் உறைகுளிர் நீரில் விழுந்தனர். பின்னர், சுமை ஏற்றப்பட்டதும் படகு நிமிர்ந்து நின்றது.

அன்றே அறுவர் புறப்பட்டனர். வொர்ஸ்லிக்குச் சூரியனைப் பார்த்துப் படகின் இருப்பிடத்தைக் கணிக்க நான்கு முறைதான் வாய்ப்புக் கிட்டியது. ஒரு கட்டத்தில் படகின்மேல் பனி தடிப்பாக உறைந்து அதை அமிழ்த்தத் தொடங்கியது. கித்தான் தளத்தின்மேல் தவழ்ந்து சென்று, துணி கிழியாதபடி பனியை வெட்டி எறிந்தனர். பாரத்தைக் குறைக்க மாற்றுத் துடுப்புகளையும் தூங்கும் பைகள் இரண்டையும் கடலில் வீசினர். மே 10ஆம் நாள் தென் ஜார்ஜியாவின் கரையை அடைந்தனர். மலைகளைத் தாண்டி உதவி கேட்கப் பிறகு ஷாக்கல்டனும் இருவரும் 36 மணி நேரம் நடந்தனர். எலிபண்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் ஆகஸ்டு 30ஆம் நாள் உயிரோடு மீட்கப்பட்டனர்.

பயணத்தினருள் பெரும்பாலோருக்குத் துருவப் பதக்கம் கிடைத்தது; மெக்நிஷுக்குக் கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கிய பின்னர், பனியின்மேல் படகை இழுத்துச் செல்ல மறுத்து அவர் தலைவரோடு வாதிட்டிருந்தார். அவருடைய செல்லப் பூனையையும், உணவுப் பற்றாக்குறையை எண்ணி ஷாக்கல்டன் சுடச் சொல்லியிருந்தார். அந்த மனக்கசப்பு தச்சரைவிட்டு நீங்கவேயில்லை. ஜேம்ஸ் கேர்டு இன்று லண்டனில் ஷாக்கல்டன் படித்த டல்விச் கல்லூரியில் இருக்கிறது. நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கும் மெக்நிஷின் கல்லறைமேல், 2004ஆம் ஆண்டு ஒரு வெண்கலப் பூனைச் சிலை வைக்கப்பட்டது.