ஒதுங்கிக் கிடந்த பாட்டுகள்

அன்பு மருமகனுக்கு,

உன் பேண்டில் நீ எழுதும் பாட்டுகளை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, விலகிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இருப்பதும் விலகுவதும் உன் முடிவு. எனக்கு அந்தப் பாட்டுகளைப் பற்றித்தான் கவலை.

நீ கொண்டாடும் பீட்டில்ஸ் குழுவில் ஜார்ஜ் ஹாரிசனின் நிலைமையைப் பார். நால்வரில் இளையவர். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்தார்கள். இவருக்கு ஒரு இசைத்தட்டில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். 1966-ல் ‘ரிவால்வர்’ இசைத்தட்டின் 14 பாட்டுகளில் மூன்று கிடைத்ததே பெரிய விஷயம். 1968-ல் ‘வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டைக் கொண்டுவந்தபோதும் மற்றவர்கள் அக்கறை காட்டவில்லை. நண்பர் எரிக் கிளாப்டனை ரெக்கார்டிங்குக்கு அழைத்து வந்தார். வெளி ஆள் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் ஒழுங்காக வாசித்தார்கள். அந்தப் பாட்டின் கிதார் சோலோவை கிளாப்டனுக்கே விட்டுக்கொடுத்தார் ஹாரிசன். அவரும் கிதார்காரர்தானே! பாட்டு நன்றாக அமைய வேண்டும், வாசிப்பது யார் என்பது அப்புறம் என்கிற அந்த மனசு உனக்கும் வேண்டும்.

1969 ஜனவரியில் அவருக்கும் பொறுமை போனது. ஒத்திகையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். போன அன்றே ‘வா-வா’ என்ற பாட்டை எழுதினார். பிறகு திரும்பி வந்தார். அதே ஆண்டு ‘அபே ரோட்’ இசைத்தட்டுக்கு அவர் கொடுத்தவை ‘சம்திங்’, ‘ஹியர் கம்ஸ் தி சன்’. ‘சம்திங்’ நடுவே வரும் கிதாரை இன்னொரு முறை கேள். வேகம் காட்டும் இடமே கிடையாது. சுரத்துக்குச் சுரம் இழைந்து போகிறது, கூடவே வாயால் பாடிவிடலாம். உன் சோலோக்களை நீ பாடிப் பார்த்ததுண்டா? பார். பாட வராத இடங்களில் பாதியை வெட்டிவிடலாம்.

1970-ல் குழு கலைந்தது. அந்த நவம்பரிலேயே ஹாரிசன் மூன்று தட்டுகள் கொண்ட ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்புப் பாட்டே பீட்டில்ஸ் ஒத்திகை பார்த்துவிட்டுக் கைவிட்டதுதான். எழுதிச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடிந்தது.

இன்னொன்று. அந்தத் தொகுப்பில் ஊரெல்லாம் பாடிய ‘மை ஸ்வீட் லார்ட்’ மீது வழக்கு வந்தது. 1963-ல் பிரபலமான ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாட்டின் மெட்டை, தான் அறியாமலே எடுத்தாண்டிருக்கிறார் என்று 1976-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு மெட்டு ரொம்பச் சுலபமாக வந்து விழுந்தால், நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, “இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டுவிடு. எழுதிய தேதியையும் குறித்து வை.

கடிதத்தின் கடைசியில், யாருக்கும் வேண்டாத பாட்டுகள் என்று நோட்டைக் கிழித்துப் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. அடுத்த முறை வரும்போது கிதாரோடு அந்த நோட்டையும் எடுத்து வா. ஒன்று விடாமல் நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
மாமா