பவுணும் வெள்ளிக்காசும்: மலைநாட்டில் நாணயந் திரட்டல்

ஓய்வுப் பொழுதைப் பயனுறக் கழித்தற்குரிய முயற்சிகளுள் நாணயந் திரட்டல் தொன்மையானது. தபால் முத்திரை திரட்டிய மாணவர் நம் கல்லூரியில் எக்காலத்தும் பலர் இருந்தனர். நாணயந் திரட்டினோர் ஒரு சிலரே. பொன்னும் வெள்ளியும் திரட்டல் செல்வர்க்கே உரியதென்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் பிறந்த நமக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர், தாம் அறியாமலே நாணயந் திரட்டியவராவர். அவர்தம் கழுத்திலும் மடியிலும் அடுப்படிப் பானையிலும் இருந்த காசுகளைக் கற்கும் முறையினை இங்கே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பவுண் என்பது யாது?

இன்று நகைக் கடையில் 'ஒரு பவுண்' என்றால் எட்டுக் கிராம் பொன் என்றே பொருள் கொள்கின்றோம். தமிழ்நாட்டார் இதனைச் 'சவரன்' என்பர். இரண்டும் ஒரே ஆங்கில நாணயத்தின் பெயர்களேயாம். நாணயம் வழக்கொழிந்த பின்னரும் அதன் பெயர் நிறையளவாக நம் நாவில் நிலைத்துவிட்டது.

இக்காலத்து அறியப்படும் பவுண் நாணயம் இலண்டனில் 1817ஆம் ஆண்டு முதல் அடிக்கப்பட்டது. அதன் நிறை 7.988 கிராம்; குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு பொன். எஞ்சிய ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. இதுவே 22 கரட் என்பது. தூய பொன் மட்டும் 7.32 கிராம் அளவில் இருக்கும். ஒரு புறத்தில் அரசர் தலையும், மறு புறத்தில் குதிரை மீதமர்ந்து நாகத்தை வெல்லும் புனித ஜோர்ஜின் உருவமும் காணப்படும். இவ்வுருவை வரைந்தவர் இத்தாலியரான பெனடெற்றோ பிஸ்துருச்சி என்பார்.

இலண்டனில் மட்டுமன்றிப் பிரித்தானிய ஆட்சியிலிருந்த பிற நாடுகளிலும் பவுண் அடிக்கப்பட்டது. குதிரையின் காலடியில் நிலத்தைக் குறிக்கும் கோட்டின் நடுவே ஒரு சிற்றெழுத்து உளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்குக. 'எஸ்' எனின் சிட்னி, 'எம்' எனின் மெல்போர்ண், 'பீ' எனின் பேர்த், 'சீ' எனின் கனடாவின் ஒட்டாவா, 'எஸ்.ஏ.' எனின் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா. 'ஐ' எனின் பம்பாய் என்றறிக. பம்பாயில் 1918ஆம் ஆண்டு எனப் பொறித்த பவுண் மட்டுமே அடிக்கப்பட்டது. முதலாம் உலகப் போரினாற் கடல்வழிப் போக்குவரவு இடர்ப்பட்டமையால், இந்தியாவில் இருந்த பொன்னை அங்கேயே நாணயமாக்க நேர்ந்தது. அவ்வகையில் ஏறத்தாழ 13 இலட்சம் பவுண்களும், அவற்றுக்கு முன்னோடியாக அதே நிறையும் அளவும் உடைய 15 ரூபாப் பொன் மோகராக்கள் ஏறத்தாழ 21 இலட்சமும் வெளிவந்தன.

வெள்ளி ரூபா சொல்லும் வரலாறு

பொன்னினும் வெள்ளியே தோட்டத்து மக்களிடம் மிகுதியாக வழங்கியது. 1872ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கணக்கு ரூபாவும் சதமுமாக அமைந்தது. ஆயினும் கையில் வழங்கிய ஒரு ரூபா இந்திய வெள்ளி ரூபாவேயாம். அதன் நிறை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதுவும் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய்மையுடையது. 1892ஆம் ஆண்டில் இலங்கைக்கெனப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளி நாணயங்கள் தோன்றின. முதலில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி உடையனவாயிருந்த இவை, 1919ஆம் ஆண்டு முதல் 550 பங்காகத் தாழ்ந்தன. ஆண்டைப் பார்த்த மாத்திரத்தே தரத்தை அறிந்து கொள்ளலாம்.

விக்டோரியா மகாராணியாரின் ரூபா இரு வகைப்படும். 1876 வரை பொறிக்கப்பட்டவற்றில் அவர் 'இராணி'. 1877 முதல் 'பேரரசி'. இவ்வேறுபாடு நமக்குச் சுவை பயப்பது. இராணி என்னும் எழுத்துடைய காசு கோப்பிக் காலத்தது. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் இலங்கையிற் காணப்பட்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். பேரரசி என்னும் எழுத்துடைய காசோ, கோப்பி வீழ்ந்து தேயிலை தலையெடுத்த காலத்தது. எனினும் ஓர் எச்சரிக்கை: காசு அடிக்கப்பட்ட ஆண்டு வேறு, நம் குடும்பத்தார் கைக்கு வந்த ஆண்டு வேறு. காசின் ஆண்டுக்கு முன் அது வந்திருக்க முடியாது என்பதொன்றே உறுதி.

1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் ரூபாவும் கருதத்தக்கது. மன்னரின் மேலாடையிற் பொறித்த யானை பன்றி போலத் தோன்றியமையால் முஸ்லிம்கள் வருந்தினர். உருவம் அடுத்த ஆண்டே திருத்தப்பட்டது. வெளிவராத காசுகள் உருக்கப்பட்டன. ஆதலின் அக்காசு இன்று அருமையுடையது.

ஏன் உலோகத்தை நம்பினர்?

லயத்து அறை தோட்டத்துக்குரியது, நிலமும் தோட்டத்துக்குரியது. கங்காணியின் கடன் துண்டுடன் ஒரு தோட்டம் விட்டு மறு தோட்டம் பெயர்ந்தவர்க்குச் சுமந்து செல்லக் கூடிய உடைமை காசும் நகையுமே. காகிதப் பணத்தின் நிலையும் உறுதியாய் இருந்ததில்லை. நோட்டுகளை வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசின் பொறுப்பை அளித்தே மக்களின் அச்சத்தைத் தணிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நாளில் தட்டினால் ஒலிக்கும் வெள்ளியை எளியோர் நம்பியது பேதைமையன்று.

ஒரு பவுண் சேர்த்தல் எத்துணை அரிது என்பதைக் கணக்கினாற் காண்போம். 1927ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி 1929 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், உயர்ந்த மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம். அக்காலத்து ரூபாவின் மாற்று விகிதப்படி ஒரு பவுணின் மதிப்பு 13 ரூபா 33 சதம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி ஒரு சதமும் செலவிடாது 31 நாட்கள் மலை ஏறினால்தான் ஒரு பவுண் வாங்கலாம். அரிசிக்கும் துணிக்கும் கொடுத்தது போக மிஞ்சிய சில சதங்களில் அதனைச் சேர்க்க எத்தனை ஆண்டு சென்றிருக்கும் என்பதை நேயர்களே கணித்துக் கொள்வாராக.

சோதிக்கும் முறை

போலிப் பவுண் மிகப் பலவுள. 1950களிலும் 1960களிலும் லெபனான் முதலிய நாடுகளிற் பெருந்தொகையாக அடிக்கப்பட்டவை இன்றும் வழங்குகின்றன. அவற்றுட் பல மெய்ப்பொன்னே. எழுத்தும் உருவமும் மட்டும் மழுங்கியிருக்கும். பொன்னல்லாத போலியை நம் விஞ்ஞான கூடத்துத் தராசே காட்டிக் கொடுக்கும். முதலில் காற்றில் நிறுக்க. பின் நூலிற் கட்டி நீரில் மூழ்குவித்து நிறுக்க. மெய்ப்பவுண் நீரில் ஏறத்தாழ 0.46 கிராம் நிறை குறையும். 7.988ஐ அதனால் வகுத்தால் 17.5 என்னும் தன்னீர்ப்பு வரும். பித்தளைக்கு இவ்வெண் ஒன்பதைத் தாண்டாது. ஆர்க்கிமிடீசின் விதியைப் பாடநூலிற் படித்து மறந்தவர், ஒரு காசைக் கொண்டு இதனைச் செய்து பார்ப்பாராயின் பின்னர் மறவார்.

பேணும் முறை

மாணவராயிருந்த நாளில் நாம் ஒரு பழைய வெள்ளி ரூபாவைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி மகிழ்ந்தோம். மகாராணியாரின் கூந்தற் கோடுகள் அத்தேய்ப்பில் மறைந்தன. நூறாண்டுகளாகப் படிந்த கருமை அக்காசின் காப்பு என்பதைப் பிற்பாடே உணர்ந்தோம். ஆகவே தேய்த்தல் கூடாது. விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும். மலைநாட்டின் ஈரக்காற்றுப் படாதவாறு உலர்ந்த கடிதவுறையில் தனித்தனியே இடுதல் வேண்டும்.

துளையிட்ட காசும் வளையம் பற்றவைத்த காசும் சந்தையில் விலை குறைந்தவை. எனினும் அவற்றை இழிவென ஒதுக்கற்க. அத்துளையே அது மாலையிற் கோக்கப்பட்டமைக்குச் சான்று.

அறமும் சட்டமும்

நிலத்திற் கண்டெடுக்கும் பழங்காசு பற்றிய சட்டத்தை மாணவர் அறிதல் நன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட புதையுண்ட தொல்பொருள் அரசுக்குரியது. கண்டவர் அறிவித்தல் கடன். உரிமமின்றி அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் ஆகாது.

சட்டத்தினும் நுண்ணியது அறம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பல தோட்டக் குடும்பங்கள் நகைகளை அடகு வைத்தும் விற்றும் உயிர் தாங்கின. அத்தகைய வேளையில் உலோகத்தின் விலையை மட்டும் கொடுத்து அருங்காசைக் கவர்தல் திரட்டலன்று, சுரண்டலாம். காசின் உண்மை மதிப்பை உடையவர்க்கு முதலில் உரைத்து, பின்னரே விலை பேசுதல் திரட்டுவோர்க்கு அழகு.

எம் பாட்டியார் ஐந்து பவுண் கோத்த மாலையொன்றை வைத்திருந்தார். எம்முடைய விடுதிக் கட்டணத்திற்காக அவற்றுள் நான்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. எங்கோ உருக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவற்றின் ஆண்டோ, அக்கசாலை எழுத்தோ இன்று எவர்க்கும் தெரியாது. எஞ்சிய ஒன்று 1911ஆம் ஆண்டில் மெல்போர்ணில் அடிக்கப்பட்டது. வளையம் பற்றவைத்த வடுவும் உடையது. பாட்டியார் அந்நான்கினையும் விற்றதில் எமக்குக் குறையில்லை. காசு தன் கடமையைச் செய்தது. விற்குமுன் ஒரு தாளிற் குறித்து வையாமையே எமக்குக் குறை.

ஆதலின் இன்றைய மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் நாம் வேண்டுவது ஒன்று. பொன் வாங்கித் திரட்டுக என்று சொல்லோம். வீட்டில் உள்ள ஒவ்வொரு பழங்காசின் ஆண்டு, எழுத்து, நிறை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுக. காசு கைமாறினாலும் அக்குறிப்பு குடும்பத்தில் நிற்கும். தேயிலை மலைகளில் நம் மக்கள் உழைத்துச் சேர்த்ததன் கணக்கை நாமே எழுதிவைத்தவராவோம்.