தோட்டத்துக் குஞ்சுகளும் அவற்றின் காவலரும்

கோடைமழை ஒன்றிரண்டு பெய்து, தருமபுரிப் பக்கத்து மாந்தோப்புகளும் வேலிப் புதர்களும் செழிக்குங் காலத்தில், பறக்கமாட்டாத குஞ்சொன்று தரையில் தத்தித் திரிவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். தாயற்றதென்று இரங்கி, அதனை அறைக்கு எடுத்துச் சென்று சோறும் பாலும் ஊட்டுவாரும் உளர். அவ்வாறு எடுக்கப்பட்ட குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வாலடியிற் செந்நிறம் வாய்ந்த கொண்டைக்குருவியை நோக்குவோம். புதரில் கிண்ணம் போன்ற சிறு கூடமைத்து இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். அடைகாக்குங் காலம் ஏறக்குறைய 14 நாள். பொரித்த குஞ்சுகள் ஏறத்தாழ 12 நாளிற் கூட்டை விட்டு வெளிப்படுகின்றன. அப்பொழுது உடலில் இறகு மூடியிருக்கும், வால் மட்டும் குட்டை, பறத்தல் கைவந்திராது. இஃது அவை தவறி விழுந்ததன்று. வளர்ச்சியில் ஒரு படி. யாவும் ஒரே கூட்டிற் கிடப்பின் பாம்போ காக்கையோ ஒருங்கே கொண்டுபோம். பிரிந்து புதர்தோறும் பதுங்கினால் ஒன்றேனும் தப்பும் அன்றோ?

தாய் எங்கே எனின், அண்மையிலுள்ள கிளையிலேயே அலகிற் புழுவுடன் இருக்கும். நாம் அருகில் நிற்பதனாலேயே அது கீழிறங்குவதில்லை. குஞ்சுக்குக் காவல் நிற்பதாக நாம் எண்ணுகின்றோம். அதன் பெற்றோருக்கோ நாமும் ஒரு பூனையே. விலகிச் சென்று மரமறைவில் அரைமணி நேரம் அசையாதிருப்போர், இரை வருவதைத் தம் கண்ணாற் காணலாம்.

தவிட்டுக்குருவிகளின் செய்கை இன்னும் வியப்புடையது. கூட்டமாய்த் திரியும் இவற்றுள், பெற்றோரேயன்றிக் கூட்டத்துப் பிறவும் குஞ்சுக்கு இரையூட்டும். பூனையைக் கண்டால் யாவும் கூடிக் கூச்சலிடும். இத்துணைக் காவலிருந்தும், சுடலைக்குயில் அவற்றின் நீல முட்டைகளினிடையே தன் நீல முட்டையை இட்டுவிடுகின்றது! கரிச்சானோ தனியொருவனாய்க் காக்கையையும் பருந்தையும் துரத்தும். புறா முதலிய சாதுப் பறவைகள் அது கூடுகட்டிய மரத்திலேயே தாமும் கூடமைப்பதுண்டு.

இறகு முளையாத குஞ்சு விழுந்து கிடப்பின், மெல்ல எடுத்து அதன் கூட்டிலேயே வைத்தல் வேண்டும். மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்ததாயின், பூனை நடமாடும் இடத்தினின்று அருகிலுள்ள புதர்க்கிளைக்கு மாற்றினாற் போதும். வாயில் நீரோ பாலோ வார்த்தல் ஆகாது. மூச்சுக்குழலின் வாய் நாவினடியிலேயே இருத்தலின், நீர் உட்புகுந்து உயிர்க்கே இடராகும். சோறும் அதற்கேற்ற உணவன்று. பழம் தின்னும் கொண்டைக்குருவியுங்கூடத் தன் இளங்குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே மிகுதியாக ஊட்டுகின்றது.

உயிர்நூல் பயிலும் மாணவர் விடியற்காலையிற் குறிப்பேட்டுடன் தோட்டத்தில் அமர்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இரை வந்தது, இரண்டு பறவைகளும் கொணர்ந்தனவா, காக்கை அணுகியபோது குரல் எவ்வாறு மாறிற்று என எழுதி வரலாம். இதற்குக் கருவி யாதும் வேண்டுவதில்லை.