ஞாயிறு ஒன்று, ஆறும் ஒன்று: குளியலுக்கும் ஊர்ப்பணிக்கும் சில குறிப்புகள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்துச் சிற்றூர்களில் விடுமுறை என்றால் தாமிரபரணிக் குளியல், குளக்கரை நடை, சாயங்காலம் வாலிபால். அந்த ஆற்றையும் குளத்தையும் சுத்தம் செய்ய வாருங்கள் என்ற அழைப்பும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் வரும். இரண்டையும் விடாமல், வீட்டிலும் மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்ள இவை உதவும்.

1. பணி முதலில், குளியல் பிறகு. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குக் கண்டிப்பாக நிறுத்திவிடுங்கள். குப்பை மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. சொன்ன நேரத்துக்கு முடிகிற வேலைக்குத்தான் அடுத்த வாரமும் ஆள் வரும். முடித்த கையோடு அங்கேயே எல்லோரும் சேர்ந்து குளித்துவிட்டு வந்தால் பிள்ளைகளும் தாமாகவே கிளம்பிவிடுவார்கள்.

2. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. டன் கணக்கில் துணி எடுக்கிறார்கள், மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. பாறை இடுக்கில் சிக்கிய ஈரச்சேலையை வெறுங்கையால் தனியாக இழுக்காதீர்கள். பாரத்தில் கால் வழுக்கிவிடும். துறட்டிக் கம்பால் கரைப்பக்கம் கொண்டுவந்து, இரண்டு பேராகத் தூக்குங்கள். தண்ணீர் வடியும்வரை படியில் போட்டு வைத்து, பிறகு சாக்கில் கட்டுங்கள்.

இதைவிட முக்கியம், நம் வீட்டுச் சடங்கு. நீராடுவதுதான் சடங்கின் உயிர், துணி ஆற்றோடு போக வேண்டியதில்லை என்பதைப் பெரியவர்களிடம் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். படித்துறையில் நின்று பேசினால் வாக்குவாதமாகிவிடும். கையோடு ஒரு பை கொண்டுபோனால் ஈரத்துணியை அதிலேயே திருப்பி எடுத்துவரலாம்.

3. காலில் வெட்டுக்காயமோ சேற்றுப்புண்ணோ இருந்தால் அன்று சாக்கடை கலக்கும் இடத்தில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தப் புண் வழியாகத் தொற்றக்கூடும். கரையில் நின்று குப்பை பிரிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அழுக்குத் தண்ணீரில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

4. ஆற்றுக்கு ஷாம்பு சாஷே கொண்டுபோகாதீர்கள். சீயக்காயோ கடலைமாவோ ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போதும்.

5. நமக்கு இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்து ஓடிய தண்ணீர் சட்டென்று கலங்கலாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, யாரும் சொல்லக் காத்திருக்காமல் கரையேறுங்கள். குப்பை எடுக்கும் குழுவில் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவரை வேலையில்லாமல் நிற்கிறவர் என்று நினைக்க வேண்டாம். மற்ற எல்லோருடைய உயிரும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

6. ஆண்கள் பொதுவேலைக்குப் போக, பெண்கள் அன்றைக்கும் அடுப்படியிலேயே நிற்பது நியாயமில்லை. முந்தின இரவே புளிக்காய்ச்சல் செய்துவைத்துவிட்டால், காலையில் சோற்றை வடித்து, ஆறவைத்துக் கிளறி, வாழையிலையில் கட்ட அரை மணி நேரம்தான். அதை வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்ய வேண்டும். தூக்குச்சட்டியில் நீர்மோர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடையில் இருக்கிறது. அதைப் பொறுக்கப் போகிறவர்களே அதில் குடிக்கலாமா?

7. விளையாட்டும் சேவையும் ஒன்றாகவே அமைவது பறவைக் கணக்கெடுப்பில்தான். ஒன்று செய்தால் மற்றது தானாக நடந்துவிடும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நம் பகுதிக்கென்று 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் நடந்து வருகிறது. ஏதாவது ஒரு குளத்துக்கரையில் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிந்தாலும் அது பயன்படும் தகவல்தான்.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் தவறிவிடும். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவை வைத்துப் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். தாழைக்கோழி, நீர்க்காகம், நத்தைக்குத்தி நாரை இந்த மூன்றையும் அடையாளம் காணப் பழகிவிட்டால் பிள்ளைகளுக்கு ஆர்வம் தொற்றிக்கொள்ளும். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். ஊர்க்காரர்கள் பறவைகளைத் தம் வீட்டுப் பிள்ளைகள்போலக் காக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகள் நேரில் பார்ப்பார்கள். கூடுகளுக்கு அருகில் போவதும் படம் எடுக்கக் கல் எறிந்து பறக்கவைப்பதும் கூடவே கூடாது.

8. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு பையில் பனங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளக்கரையில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றிவிடலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிழங்குக்காக யாரும் தோண்டிவிடாதபடி அந்த இடத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். ஆனால் கரையில் கை வைக்கும் முன் அனுமதி தேவை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சீமைக்கருவேலம் வெட்டவும் இதே வழிதான்.

9. ரத்ததானம் செய்த அன்று வாலிபாலும் மலையேற்றமும் வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். கொடுத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவிட்டால் அடுத்த முகாமுக்கு யோசிக்க வேண்டியிருக்காது.

10. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம். கடைசி நேரத்தில் அள்ளிப்போட்டு முடிக்காமல் மாதம் பத்து மணி நேரமாகப் பிரித்துக்கொண்டால் தேர்வு நேரத்தில் நெருக்கடி வராது.

11. மாதத்தில் ஒரு ஞாயிறு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அன்று சும்மா குளியுங்கள், சும்மா விளையாடுங்கள். எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொண்டவர்கள் ஒரு கட்டத்தில் சலித்துப்போய் மொத்தமாக ஒதுங்கிவிடுகிறார்கள். அது ஊருக்குத்தான் நஷ்டம். ஒரு பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு, "இந்த மாதம் முடியாது அண்ணாச்சி, அடுத்த மாதம் வருகிறேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

12. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூட்டம் நெரியும். கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். அந்த நாட்களில் உல்லாசப் பயணமாக மேலே போக வேண்டாம். வனத்துறையிடம் பெயர் கொடுத்துத் தன்னார்வலராகப் போங்கள்.

13. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தில் முதலில் கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான். ஆகவே நீந்தத் தெரிந்தவர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள், செவிலியர்கள், தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி ஐப்பசிக்கு முன் தயாராக வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால் கரண்ட் போனதும் சார்ஜ் தீர்ந்துவிடும். தாளில் எழுதி, பாலித்தீன் உறையில் போட்டு, கயிறும் டார்ச்சும் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.