அயல்நாட்டில் நம் ஊர்தி

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழத் தீவாக விளங்குவது திருவரங்கம். அங்கு வாழும் ஒருவர் தம் காரில் ஏறித் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லுங்கால், வழியைப் பற்றிச் சிறிதும் எண்ணுவதில்லை. தேரோடும் நாளில் சித்திரை வீதிகளில் வண்டி செல்லாது என்பதும், மாம்பழச்சாலையைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறுமிடத்தில் நெரிசல் மிகும் என்பதும், மலைக்கோட்டையை அடுத்த கடைத்தெருக்களில் காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது என்பதும் அவர் அறிந்தவையே. அவர் கைகளையும் கால்களையும் இயக்குவது நெடுநாளைய பழக்கம். சொந்த ஊரில் அப்பழக்கமே அவருக்குத் துணை.

அவரே தம் காரை அயல்நாடொன்றில் ஓட்ட விரும்பினால் என்ன நேரும்? அங்குள்ள வீதிகள் அவருக்குப் புதியவை; விதிகளும் புதியவை. ஊரில் துணையாக நின்ற பழக்கமே அங்குப் பகையாக மாறுதலும் கூடும். ஆதலின், புறப்படுவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் பல உள. அவை யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

திருச்சிராப்பள்ளிக்கு மிக அண்மையில் உள்ள அயல்நாடு இலங்கை. எனினும் இடையே கடல் கிடக்கிறது. 2023-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் பயணிகளுக்கு உரியது. கார்களை ஏற்றிச் செல்வதன்று. எனவே, தரைவழியாகவே காரில் அயல்நாடு செல்ல விரும்புவோர் வடக்கு நோக்கியே செல்லுதல் வேண்டும். திருவரங்கத்துக் குடும்பம் ஒன்று நேபாள நாட்டின் தலைநகராகிய காட்மாண்டுவுக்குத் தன் காரிலேயே செல்லக் கருதுகிறது என்று கொள்வோம். சேலம், பெங்களூரு, ஐதராபாத்து, நாகபுரி, சபல்பூர், வாரணாசி, கோரக்பூர் ஆகிய நகரங்களைக் கடந்து, சோனௌலி என்னும் எல்லையூரை அக்குடும்பம் அடையும். அவ்வெல்லையில் முதற்கண் கேட்கப்படுவன ஆவணங்களே.

அக்காரின் பதிவெண் டி.என். 48 என்று தொடங்கும். அது திருவரங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிப்பது. அக்காரின் பதிவுச் சான்று, ஓட்டுபவரின் உரிமம், காப்பீட்டு ஆவணம் ஆகியவற்றின் மூலங்கள் கையில் இருத்தல் வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருப்பின், அவர் எழுதித் தந்த இசைவுக் கடிதமும் உடன் இருத்தல் நலம். இந்தியருக்கு நேபாளம் செல்ல விசா வேண்டுவதில்லை. எனினும் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டுதல் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் அந்நாட்டில் ஏற்கப்படுகிறது. காருக்கு மட்டும், 'பன்சார்' எனப்படும் சுங்க அனுமதியை, தங்கும் நாள்களுக்கேற்பக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். அவ்வனுமதியில் குறித்த நாளுக்குள் கார் எல்லையைக் கடந்து திரும்பிவிடுதல் இன்றியமையாதது.

காப்பீட்டைப் பற்றிப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் எடுக்கும் மோட்டார்க் காப்பீடு இயல்பாக இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். நேபாளம், பூட்டான், வங்காளதேசம், இலங்கை போன்ற அண்டை நாடுகளுக்கு அதனை நீட்டிக்கக் கூடுதல் கட்டணம் செலுத்தி, ஆவணத்தில் அதற்குரிய மேற்குறிப்பைப் பெறுதல் வேண்டும். இதனைச் செய்யாது சென்றவர், எல்லைக்கு அப்பால் ஒருவரைக் காயப்படுத்திவிடின், இழப்பு முழுவதையும் தாமே ஈடுசெய்ய நேரிடலாம். காயமுற்றவருக்கும் உரிய உதவி காலத்தில் கிட்டாது. காப்பீடு என்பது ஓட்டுபவருக்கு மட்டுமன்று, வழியில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவருக்கும் காப்பாகும் என்பதை உணர்தல் வேண்டும்.

இன்னும் தொலைவான நாடுகளுக்குச் செல்வோர்க்கு வேறு இரு ஏடுகள் தேவைப்படும். முதலாவது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. சாலைப் போக்குவரத்துக்கென 1949-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் நாடுகள் பல கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவும் பின்னர் அதில் சேர்ந்தது. இவ்வனுமதியைத் தாம் வாழும் வட்டாரத்துப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெறலாம். அஃது ஓராண்டுக்கு மேல் செல்லாது. அதனோடு ஊரில் பெற்ற உரிமத்தையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, 'கார்னே' என்னும் பிரெஞ்சுப் பெயரால் வழங்கும் சுங்க ஏடு. ஒரு நாட்டுக்குள் வரும் கார் அங்கேயே விற்கப்படுமாயின், அந்நாட்டுக்குரிய இறக்குமதி வரி இழப்பாகும். ஆதலின், 'இக்கார் திரும்பிச் செல்லும். செல்லாவிடில் வரி செலுத்தப்படும்' என்று ஒரு சங்கம் பிணை நிற்கிறது. காருக்குரியவர் அச்சங்கத்துக்கு வங்கி உறுதி முதலிய ஈட்டைத் தருதல் வேண்டும். இவ்வேட்டின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளை உடையது. நாட்டுக்குள் நுழையும்போது ஒரு பகுதியையும், வெளியேறும்போது மற்றொரு பகுதியையும் சுங்க அலுவலர் எடுத்துக்கொள்வர். எஞ்சிய அடிப்பகுதியில் வரவுக்கும் செலவுக்கும் முத்திரை இடுவர். வெளியேறும்போது முத்திரை பெற மறந்தால், கார் வீடு வந்து சேர்ந்த பின்னரும் வரி கேட்கும் கடிதம் வந்து சேரலாம். ஈரான் முதலிய நாடுகள் இவ்வேட்டைக் கேட்கின்றன. அயல்நாட்டார் தம் காரை நம் நாட்டுக்குக் கொணரும்போது நாமும் இதனையே கேட்கிறோம்.

ஜெனீவா உடன்படிக்கையின்படி காரின் பின்புறத்தில் அதன் நாட்டைக் குறிக்கும் அடையாளமும் இருத்தல் வேண்டும். வெண்ணிற நீள்வட்டத்தில் 'ஐ.என்.டி.' என்னும் மூன்று உரோமன் எழுத்துகளைக் கருநிறத்தில் பொறித்தலே இந்தியாவின் அடையாளம். அதனைக் காணும் அயலார், உள்ளே அமர்ந்திருப்பவரின் பெயரை அறியார். இந்தியர் என்பதை மட்டுமே அறிவர்.

ஆவணங்கள் யாவும் செவ்வனே அமைந்தாலும், பழக்கம் என்னும் இடர் எஞ்சி நிற்கிறது. இந்தியாவிலும், நேபாளம், பூட்டான், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் சாலையின் இடப்புறத்தே செல்லுதல் மரபு. மியன்மா நாட்டில் 1970 முதல் வலப்புறத்தே செல்கின்றனர். சுவீடன் நாடு 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் இடப்புறத்தினின்று வலப்புறத்துக்கு மாறியது. ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நெடுநாள் ஆயத்தம் செய்தது. தனி ஒருவர் எல்லையைக் கடந்த கணத்தில் மாற வேண்டுமாயின், அவருக்கு எத்துணை விழிப்பு வேண்டும்!

நம் நாட்டுக் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்புறத்தே உள்ளது. வலப்புறமே செல்லும் நாட்டில் அவர் சாலையின் ஓரத்தே அமர்ந்தவர் ஆகிறார். முன்செல்லும் வண்டியைக் கடக்க முயலும்போது எதிர்வருவன அவர் கண்ணுக்குப் புலப்படா. அருகில் அமர்ந்தவர் பார்த்துச் சொன்ன பின்னரே கடத்தல் தகும். தனித்துச் செல்பவர் கடவாதிருத்தலே அறிவுடைமை. முகப்பு விளக்கும் இவ்வாறே. நம் காரின் தாழ்ந்த ஒளி இடப்புற ஓரத்தை நோக்கிச் சாய்ந்து விழுமாறு அமைந்தது. வலப்புறம் செல்லும் நாட்டில் அவ்வொளி எதிர்வருபவரின் கண்களைக் கூசச் செய்யும். அதனைத் தடுக்க விளக்கின் மீது ஒளிமறைக்கும் தாளை ஒட்டுவர். நாற்சந்திகளிலும், பெட்ரோல் நிலையத்தினின்று வெளிவரும்போதும், காலையில் முதன்முதல் வண்டியை எடுக்கும்போதும் பழைய பழக்கம் தலைதூக்கும். அவ்வேளைகளில் விழிப்பு மிகுதியும் வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதிகளும் உண்டு. திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் சிங்கப்பூரில் வாழ்கின்றனர். அங்குப் பதிவான கார் மலேசியாவுக்குப் புறப்படுங்கால், அதன் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கேனும் நிறைந்திருத்தல் வேண்டும் என்பது 1991 முதல் நிலவும் விதி. மலேசியாவில் பெட்ரோல் விலை குறைவு. யாவரும் அங்கே சென்று நிரப்பிக்கொண்டால் சிங்கப்பூர் அரசின் வரி வருவாய் குறையும். காரணம் அறியாதார்க்கு இவ்விதி வேடிக்கையாகத் தோன்றலாம். அறிந்தவர் முன்னரே தொட்டியை நிரப்பிக்கொள்வர். அறியாதவர் எல்லையினின்று திரும்ப நேரும்.

இறுதியாக, வண்டியும் ஓட்டுபவரும் பயணத்துக்குத் தகுதி பெறுதல் வேண்டும். டயர், பிரேக்கு, விளக்கு, மின்கலம் ஆகியவற்றைத் தேர்ந்த பணியாளரிடம் காட்டிச் சோதித்தல் வேண்டும். ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரத்தில் காற்று உளதா என்று பார்த்து, அதனை மாட்டவும் கற்றிருத்தல் வேண்டும். காவிரிச் சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு இமயச் சாரல் புதிது. அவர் முன்னரே எழுபது கொண்டை ஊசி வளைவுகளையுடைய கொல்லிமலைப் பாதையில் பழகிக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக்கையே ஓயாது மிதித்தால் அது சூடேறித் தன் வலிமையை இழக்கும். தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குதலே முறை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மலைப்பாதையின் ஒழுக்கம்.

இவ்வளவும் அச்சுறுத்தற்குக் கூறியன அல்ல. ஆற்றின் ஆழத்தை அறிந்து இறங்குபவர் அச்சமின்றி நீராடுவர். அதுபோல, செல்லும் நாட்டின் விதியை முன்னரே கற்று, தம் பழக்கத்தையும் அதற்கேற்பத் திருத்திக்கொண்டவர், அந்நாட்டின் மலையையும் மக்களையும் மனம் மகிழக் கண்டு நலமே திரும்புவர். விருந்தினர் ஒருவர் தாம் புகுந்த வீட்டின் முறையறிந்து நடத்தல் தமிழர் போற்றும் பண்பு. அப்பண்பு வீட்டு வாயிலோடு நின்றுவிடாது. சாலைக்கும் அதுவே உரியது.