காட்டோரப் பாடம்

தருமபுரி மாவட்டத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. ஆயினும் சித்தேரி மலையடிவாரத்திலும் பென்னாகரம் பக்கத்திலும் உள்ள இளைஞருள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குச் செல்கின்றனர். ஊரெல்லையில் நிற்கும் மரத்தின் பெயரறியாத ஒரு தலைமுறை வளர்ந்து வருகிறது. மரத்தை அறியாதவரால் அதனைக் காக்கவும் இயலாது; அதனால் பிழைக்கவும் இயலாது.

வனக்கல்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. டேராடூனில் 1878-இலும் கோவையில் 1912-இலும் வனப் பயிற்சிக் கூடங்கள் ஏற்பட்டன. அங்குப் பயின்றோர் காட்டிலேயே முகாமிட்டுக் கற்று அலுவலராயினர். காட்டை ஒட்டி வாழ்ந்த சிறுவர்க்கு அக்கல்வி எட்டவில்லை. அவர்க்கு வேண்டியது பட்டமன்று. கண்ணும் கையும் பழகும் பயிற்சி. இதே மாவட்டத்து நாகர்கூடலில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புவிதம் பள்ளி, நிலத்தில் உழைப்பதையே பாடமாக்கிக் காட்டியது. அம்முறையை மரத்திற்கும் கொள்ளலாம் என்பது நமது கருத்து.

முதற்பாடத்திற்குச் சந்தனத்தையே எடுத்துக்கொள்வோம். நம் உழவருள் சிலர் சந்தனக் கன்றைத் தனியே நட்டு, நீரும் எருவும் குறைவின்றி இட்டும், அது மெலிந்து மடியக் கண்டு மனம் நொந்துள்ளனர். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. சந்தனம் பிற செடியின் வேரைப் பற்றி நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழ்வது. இதனை ஏட்டில் படிக்கும் சிறுவன் மறுநாளே மறந்துவிடுவான். துவரையோடு சேர்த்து வளர்த்த சந்தனக் கன்றின் மண்ணை நீரால் மெல்லக் கரைத்து, துவரை வேரில் பொத்தான்போல் ஒட்டிய சிறு முடிச்சுகளைத் தன் விரலால் தொட்டவன் மறக்கமாட்டான். தொட்டியில் துவரை அல்லது பொன்னாங்கண்ணி, வயலில் சவுக்கு, அகத்தி, புங்கன் ஆகியவை ஏற்ற துணைகள். பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென 2008-இல் தமிழக அரசு விதிகள் வகுத்தது. வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் அன்றே கூறிவிடல் நன்று.

அடுத்தது விதை. வேப்பம்விதை உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழக்கும். சந்தன விதையோ புதிதாக விதைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் உறங்கும். தேக்கு விதையின் தடித்த ஓட்டை இளக்க, அதனை மாறிமாறி ஊறவைத்து உலர்த்தவேண்டும். உதிர்ந்த அன்றைய வேப்பம்விதை, ஒரு மாதம் வைத்தது, மூன்று மாதம் வைத்தது என மூன்று வரிசையில் நூறு நூறாக விதைத்து, முளைத்தவற்றைப் பிள்ளைகளே எண்ணட்டும். ஆசிரியர் வாய் திறக்கவும் தேவையிராது.

நெசவாளர்க்கு இதனால் யாது பயன் எனக் கேட்பீர்கள். கடுக்காய் மலைக்காட்டு மரத்தின் காய். அதன் நீரில் தோய்த்த பருத்தி நூல், படிகாரத்துடன் சேர்ந்து சாயத்தை விடாமல் பற்றும். இரும்பு உப்புடன் சேர்ந்தால் கறுக்கும். ஆகவே கடுக்காயைச் சேகரிக்கும் முறை நூலுக்கும் உரிய பாடமே. தானே உதிர்ந்த காயைப் பொறுக்கவேண்டும். கிளையை ஒடித்தெடுப்பின் வரும் ஆண்டின் காய்ப்பும் போகும். ஒடித்த கிளையையும் ஒடிக்காத கிளையையும் குறியிட்டு, மறு ஆண்டில் அதே பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டவேண்டும். ஓராண்டு காத்திருத்தல் இப்பாடத்தின் ஒரு பகுதி. விரைவில் பலன் காட்டும் பாடங்களை நாம் அதிகம் நம்புவதில்லை.

காப்புக்காட்டிற்குள் அனுமதியின்றி நுழைதல் குற்றம். எனவே சங்கங்கள் முதலில் ஏரிக்கரை, பள்ளித் தோட்டம், உறுப்பினரின் வரப்பு ஆகியவற்றைத் தெரிந்தெடுத்தல் தகும். காட்டிற்குள் செல்லும் நாளுக்கு வனச்சரக அலுவலரிடம் முன்னரே எழுதிக் கேட்கவேண்டும். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஒரு குழுவில் சேர்த்தலாகாது. மரமறிந்த முதியவர் ஒருவர் உடன் செல்லவேண்டும். அவருக்கு அன்றைய கூலியைச் சங்கமே தரவேண்டும். வேம்பு பழுக்கும் ஆனி மாதத்தில் தொடங்கின், விதைப் பாடம் காலத்தோடு பொருந்தும்.