புராக் சுவரும் மக்ரிபி மஹல்லாவும்

பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசாத முஸ்லிம் இல்லம் இன்று இல்லை எனலாம். நம் துஆக்களில் அதன் பெயர் வருகிறது. மஸ்ஜிதுல் அக்ஸாவின் படம் நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. ஆனால் அங்கே நடந்தது என்ன, எந்த ஆண்டில் நடந்தது, யாருடைய உரிமை எவ்வாறு பறிபோயிற்று என்று நம் பிள்ளைகள் கேட்டால், முறையாக எடுத்துச் சொல்லக் கூடியவர்கள் நம்மில் சிலரே. காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் பிறருக்குச் சொல்லித் திரிபவன் பொய்யர்களின் வரிசையில் சேர்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, இவ்விஷயத்தில் நாம் அசட்டையாக இருப்பது தகுமா?

நூறாண்டு வரலாறு முழுவதையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஆகவே ஹரம் ஷரீஃபின் மேற்குச் சுவரை ஒட்டி ஏறத்தாழ 775 ஆண்டுகள் இருந்து, ஒரே இரவில் இல்லாமற் போன ஒரு சிறு மஹல்லாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பாலஸ்தீனருக்கும் இஸ்ரவேலருக்கும் இடையிலான வழக்கின் முக்கியமான முடிச்சுகள் பலவும் அந்தச் சிறு இடத்தில் வந்து சேர்கின்றன.

வக்ஃபாக எழுந்த மஹல்லா

1099ஆம் ஆண்டு சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒருசேர வெட்டி வீழ்த்தினர். 1187இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் நகரை மீட்ட பின், முஸ்லிம்களோடு யூதர்களும் அங்கே மீண்டும் குடியேற வழி பிறந்தது.

அக்காலத்தில் மக்ரிப் என்னும் மேற்கு நாடுகளிலிருந்து, அதாவது இன்றைய மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா முதலிய பகுதிகளிலிருந்து, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு அக்ஸாவை ஸியாரத் செய்ய வந்தவர்களும், கல்வி தேடி வந்தவர்களும் பலர். அவர்கள் தங்குவதற்காக, சுல்தானின் மகன் அல்அஃப்ழல் 1193ஆம் ஆண்டு வாக்கில் ஹரமின் மேற்குச் சுவரை அடுத்திருந்த நிலத்தை வக்ஃபு செய்தார். ஆண், பெண், பெரியவர், சிறியவர், உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற பேதமின்றி மக்ரிபியர் அனைவருக்கும் அது உரியதாயிற்று. மூலப் பத்திரம் பின்னர் தொலைந்தபோது, 1267இல் காழியின் உத்தரவின் பேரில் அது புதுப்பித்துப் பதியப்பட்டது.

1320இல், மக்ரிபின் புகழ்பெற்ற இறைநேசர் அபூ மத்யன் ஷுஐப் (ரஹ்) அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் இதே மக்களுக்காக ஒரு ஸாவியாவையும், நகருக்கு மேற்கே உள்ள ஐன் காரிம் என்னும் கிராமத்து நிலங்களையும் வக்ஃபு செய்தார். கிராமத்தின் வருமானத்திலிருந்து மஹல்லாவின் ஏழைகளுக்கும் பிரயாணிகளுக்கும் உணவும் தங்குமிடமும் கிடைத்து வந்தன.

வக்ஃபு என்றால் என்ன என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். மூலப் பொருளை நிறுத்தி வைத்து, அதன் பலனைத் தர்மமாக்கும் வழியை நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். அதன்படி வக்ஃபுப் பொருளை விற்கவோ, இனாமாகக் கொடுக்கவோ, வாரிசுகளுக்குப் பங்கிடவோ கூடாது. இந்தச் சட்டம்தான் பின்னால் நாம் சொல்லப்போகும் வழக்கின் அடித்தளம்.

சுவரின் இரு பெயர்கள்

மிஃராஜ் இரவில் நபி (ஸல்) அவர்கள் புராக் வாகனத்தைக் கட்டிய இடம் என்ற வழிவழி நம்பிக்கையால் முஸ்லிம்கள் அச்சுவரை ‘புராக் சுவர்’ என்கின்றனர். கி.பி. 70இல் ரோமானியர் இடித்த தங்கள் ஆலய வளாகத்தின் மிஞ்சிய மேற்குச் சுவர் அதுவே என்பதால் யூதர்கள் அதனருகே நின்று அழுது பிரார்த்திப்பது வழக்கம். சுவருக்கும் மக்ரிபியரின் வீடுகளுக்கும் இடையே சுமார் 30 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட குறுகிய நடைபாதை இருந்தது. அங்கேதான் அவர்கள் நின்றனர்.

முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் இந்தப் பிரார்த்தனை தடையின்றி நடந்து வந்தது. ஆனால் அது வந்து போகும் அனுமதியே தவிர, உடைமை உரிமையன்று. 1840இல் நடைபாதைக்குத் தளம் போட யூதர்கள் அனுமதி கேட்டபோது அது மறுக்கப்பட்டது. பழைய வழக்கப்படி வந்து போகலாம் எனப்பட்டது. 1887இல் ஐரோப்பியப் பெரும் தனவந்தரான எட்மண்ட் ரோத்ஸ்சைல்டு மஹல்லா முழுவதையும் விலைக்கு வாங்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. 1911இல் நாற்காலிகளும் திரைகளும் கொண்டு வரக்கூடாதென்று நகரின் நிர்வாக மஜ்லிஸ் தீர்மானித்தது. இன்று ஒரு நாற்காலி வந்தால் நாளை ஓர் உரிமை வரும் என்ற அச்சமே இதற்குக் காரணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில்

ரஷ்யாவில் 1881 முதல் யூதர்கள் மீது கொடிய தாக்குதல்கள் நடந்தன. ஐரோப்பாவில் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று உணர்ந்த சிலர் 1897இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் மாநாடு கூடி, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைப்பதென்று முடிவு செய்தனர். இதுவே ஸியோனிஸ இயக்கம். 1917 நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி பால்ஃபர், அத்தகைய தாயகத்திற்குத் தம் அரசின் ஆதரவை அறிவித்தார். அதற்கடுத்த மாதம் பிரிட்டிஷ் படை பைத்துல் முகத்தஸில் நுழைந்தது. 1922இல் எடுத்த கணக்கின்படிகூட அந்நாட்டு மக்களில் யூதர்கள் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான். எஞ்சியவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய நாட்டைப் பற்றி வாக்குக் கொடுக்கப்பட்டது.

1918இல் ஸியோனிஸத் தலைவர் வைஸ்மன் மஹல்லாவைப் பெறப் பெருந்தொகை தர முன்வந்தார். முஸ்லிம்கள் மறுத்தனர். 1928 செப்டம்பரில், யூதர்களின் நோன்பு நாளில், ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் திரையொன்று சுவரருகே நிறுத்தப்பட்டது. போலீசார் அதை அகற்றினர். ஒரு திரைச்சீலையில் மூண்ட நெருப்பு நாடெங்கும் பரவியது. 1929 ஆகஸ்டுக் கலவரத்தில் 133 யூதர்களும் 116 அராபியரும் மாண்டனர். அராபியரில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் துருப்புகளாலும் போலீசாராலும் கொல்லப்பட்டவர்கள்.

இங்கே நாம் ஒன்றை மறைக்கலாகாது. ஹழ்ரத் இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் அல்கலீல் நகரில், ஆகஸ்டு 24ஆம் தேதி 67 யூதர்கள் கொலையுண்டனர். ஆயுதமற்றவர்கள், பெண்கள், மதரஸா மாணவரைப் போன்று தங்கள் வேதம் ஓத வந்த வாலிபர்கள் அவர்களில் இருந்தனர். இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. அதே நாளில் அதே ஊரில் பல முஸ்லிம் குடும்பத்தார் தங்கள் அண்டை வீட்டு யூதர்களை வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் தாங்கள் நின்று உயிர் காத்தனர். இவ்விரு கூட்டத்தாரில் மார்க்கத்தை விளங்கியவர்கள் யார் என்பதை வாசகர்களே சிந்திக்கட்டும்.

பத்திரங்கள் பேசின

கலவரத்தின் பின், சர்வதேச சங்கத்தின் ஒப்புதலோடு சுவீடன், சுவிட்சர்லாந்து, ஹாலந்து நாட்டவர் மூவர் அடங்கிய குழு 1930இல் விசாரணை நடத்தியது. மூவரில் ஒருவரும் முஸ்லிம் அல்லர். முஸ்லிம்கள் வக்ஃபுப் பத்திரங்களையும் ஷரீஅத் கோர்ட்டின் பழம்பதிவுகளையும் கொண்டு வந்து வைத்தனர். சுவரும், அதன் முன்னுள்ள நடைபாதையும், அதையடுத்த மக்ரிபி மஹல்லாவும் முஸ்லிம்களின் சொத்து என்றும், யூதர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சுவரருகே பிரார்த்திக்க எக்காலத்தும் தடையில்லை என்றும் குழு முடிவு கூறியது. 1931இல் அது சட்டமாயிற்று. உரிமை ஒருவருக்கு, வணங்க வழி மற்றவருக்கு என்ற இந்தத் தீர்வில் இரு சாராரும் வாழ்ந்திருக்கலாம்.

அதே 1931 ஜனவரியில், லண்டனில் மறைந்த நம் நாட்டுக் கிலாஃபத் தலைவர் மௌலானா முஹம்மது அலீ அவர்களின் ஜனாஸா ஹரம் ஷரீஃபின் மேற்குப் பகுதியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. இந்திய முஸ்லிம்களுக்கு அம்மண்ணோடுள்ள தொடர்புக்கு அந்தக் கப்று இன்றும் சாட்சி.

1948: இரு பக்கத்து இழப்புகள்

ஹிட்லரின் ஆட்சியில் ஐரோப்பாவில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். மனித வரலாற்றின் மாபாதகங்களில் அது ஒன்று. ஆனால் ஐரோப்பா செய்த பாவத்திற்குப் பாலஸ்தீனத்துக் குடியானவன் தன் வீட்டையும் தோட்டத்தையும் விலையாகத் தர வேண்டி வந்தது. 1947 நவம்பர் 29இல் ஐ.நா. சபை நாட்டைப் பிரிக்கத் தீர்மானித்தது. 1948 மே 14இல் இஸ்ரேல் பிரகடனம் செய்யப்பட்டது. போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். அவர்கள் அதை ‘நக்பா’, அதாவது பெருந்துயரம், என்கின்றனர்.

மஹல்லாவுக்குச் சோறிட்ட ஐன் காரிமும் அப்போதுதான் போயிற்று. அதன் அருகிலுள்ள தைர் யாஸீனில் 1948 ஏப்ரலில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட செய்தி எட்டியதும் ஊர் கலங்கியது. ஜூலைக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த கிராமம் காலியாயிற்று. அதன் கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. வசிப்பவர்கள் வேறு.

நகரின் பழைய பகுதி ஜோர்தான் வசமானது. அங்கே யூதர்களின் குடியிருப்பு 1948 மே 28இல் சரணடைந்தது. அதில் வசித்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் தொழுகைக் கூடங்கள் இடிக்கப்பட்டன. புனிதத் தலங்களுக்குச் சென்று வர வழி செய்வதாக 1949ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், 19 ஆண்டுகள் யூதர்கள் சுவரருகே வர முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பது நம் மார்க்கத்தில் கடமை. அதை மீறியது தவறே.

1967 ஜூன் 10 இரவு

1967 ஜூன் 7இல் இஸ்ரேல் படை பழைய நகரைப் பிடித்தது. மூன்று நாள் சென்று, ஜூன் 10 சனிக்கிழமை இரவு, மஹல்லாவாசிகளை உடனே வெளியேறும்படி உத்தரவிட்டனர். சாமான்களை எடுக்கவும் அவகாசமில்லை. இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. 135 வீடுகளும் இரண்டு பள்ளிவாசல்களும் மண்ணோடு மண்ணாயின. சுமார் 650 பேர் தெருவில் நின்றனர். வீட்டை விட்டு வெளியேறாத ஒரு மூதாட்டி இடிபாடுகளில் மாண்டார். சில நாட்களில் அங்கே இரண்டு லட்சம் யூதர்கள் பண்டிகைக்குத் திரளும் அளவுக்குத் திறந்தவெளி உண்டாயிற்று. 1968இல், மஹல்லா இருந்த இடமும் சேர்த்து 116 துனம் நிலத்தை இஸ்ரேல் அரசு கையகப்படுத்தியது. வீடிழந்தவர்களில் சிலர் தம் முன்னோர் வந்த மொராக்கோவுக்கே போயினர். மற்றவர் நகரின் வேறு மூலைகளில் ஒதுங்கினர்.

ஹரம் ஷரீஃபின் உள் நிர்வாகம் 1967 ஜூனிலேயே வக்ஃபு இலாகாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆனால் மக்ரிபி வாசலின் சாவி அன்று முதல் இஸ்ரேலிடம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அத்தலங்களைப் பொறுத்தவரை ஜோர்தானுக்குள்ள தனிப் பொறுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் பின்னும் அவ்வளாகத்தைச் சுற்றிய மோதல்கள் ஓயவில்லை. 2023 அக்டோபர் 7ஆம் தேதித் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரம் பேர், அவர்களுள் ஏராளமான பெண்களும் குழந்தைகளும், உயிரிழந்தனர்.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது, வக்ஃபைப் பேணுதல். மக்ரிபி மஹல்லாவின் வீடுகளை இடிக்க முடிந்தது. அதன் உரிமையை இல்லையென்று நிரூபிக்க முடியவில்லை. காரணம், ஏழு நூற்றாண்டுப் பத்திரங்களை முன்னோர் காத்து வைத்தனர். எந்த ஊரிலும் பள்ளிவாசல் சொத்தின் பத்திரம் எங்கே, எல்லை எது, வருமானம் எவ்வளவு என்று தெரியாமல் ஜமாஅத் இருக்குமானால், அங்கே வக்ஃபை அழிக்க வெளியிலிருந்து எதிரி வரத் தேவையில்லை.

இரண்டாவது, நீதி. ஒரு சமூகத்தார் மீது நமக்குள்ள மனக்கசப்பு, அவர்கள் விஷயத்தில் நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாயிதாவின் கட்டளை. ஸூரத்துல் ஹஜ்ஜில், இறைவன் காக்கும் வணக்கத் தலங்களைச் சொல்லும்போது யூதர்களின் ஆலயங்களும் நம் மஸ்ஜிதுகளுடன் சேர்த்தே குறிப்பிடப்படுகின்றன. ஆகவே மஹல்லாவை இடித்ததை அநீதி என்று சொல்லும் நம் நாவு, யூதரின் தொழுகைக் கூடங்களை இடித்ததையும் அநீதி என்றே சொல்ல வேண்டும். ஒரு அரசின் செயலுக்காக யூதராய்ப் பிறந்த ஒவ்வொருவரையும் தூற்றுவது அல்கலீலில் அண்டை வீட்டாரைக் காத்தவர்களின் வழியன்று. இரண்டையும் சொல்பவனின் சாட்சியத்தையே உலகம் ஏற்கும். நாளை அல்லாஹ்வின் சந்நிதியிலும் அதுவே செல்லும்.

மூன்றாவது, கல்வி. இஷாவுக்குப் பின் பிள்ளைகளை அமர்த்தி, 1193, 1917, 1948, 1967 என்னும் இந்த நான்கு ஆண்டுகளின் செய்தியை மட்டுமாவது சொல்லிக் கொடுப்போம். பிடுங்கப்பட்டவர்களின் கதையை மறக்கவிடாமல் காப்பதும் ஓர் அமானிதமே.

வல்ல நாயன் வீடிழந்தோருக்கு வீட்டையும், அஞ்சி வாழ்வோருக்கு அபயத்தையும் தந்தருள்வானாக! நம் உள்ளங்களைப் பகையிலும் நீதி தவறாதவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.